"ஏனு பேக்கம்மா?" என்று கேட்ட காபிக்கடை



2023 டிசம்பரில் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இருந்த நியூ கிருஷ்ணா பவன் ஓட்டலை மூடிவிட்டார்கள். "1954-ல ஆரம்பிச்சதாம்... ம்" என்று என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நான் அந்த ஓட்டலுக்குப் போனதே கிடையாது. ஆனாலும் அன்றைக்குப் பூராவும் வேறொரு ஓட்டல் என் மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அஞ்செட்டியில்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் ஓடு வேய்ந்த ஓட்டல் ஒன்று இருந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டால் அம்மா என் கையில் தூக்குப் பாத்திரத்தைக் கொடுத்து சாம்பாரும் இட்லியும் வாங்கி வரச் சொல்வாள். வாசலில் நின்று வாங்க வேண்டும், வந்துவிட வேண்டும். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவது ஆம்பிளைகள் மட்டும்தான். கடைக்காரரின் பிள்ளைகள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனதும் அடுப்பைப் பார்க்க ஆளில்லாமல் கடை மூடியாகிவிட்டது. அந்த இட்லியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆனால் உள்ளே சுவர் என்ன கலர் என்று கேட்டால் எனக்குத் தெரியாது!

1984-ல் எனக்குக் கல்யாணம். வீட்டுக்காரருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. வாரம் ஒருமுறை ஊருக்கு வருவார். பெரியவனுக்குக் கண்ணில் ஒரு கோளாறு. வருஷத்துக்கு இரண்டு முறை பெங்களூருக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். விடிவதற்கு முன்பே எழுந்து, தேன்கனிக்கோட்டை காட்டு வழியில் யானை நிற்குமோ என்று பயந்துகொண்டே ஓசூர் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்.

1988-ல் ஒரு நாள் டாக்டரைப் பார்த்து முடிக்கவே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பையன் பசியில் அழுகிறான். "வா" என்று சொல்லி எம்.ஜி. ரோட்டில் இருந்த இந்தியன் காபி ஹவுசுக்குள் நுழைந்துவிட்டார் இவர். எனக்குக் கால் வரவில்லை. கல்லூரிப் பிள்ளைகள், பேப்பர் படிக்கும் பெரியவர்கள், இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள். நானோ கசங்கின வாயில் சேலையும் கையில் மஞ்சப்பையுமாக!

வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் வந்தார். இவர் தனக்கும் பையனுக்கும் தோசை சொன்னார். "இவளுக்கும் அதே" என்றார். சர்வர் நகரவில்லை. என்னைப் பார்த்து, "ஏனு பேக்கம்மா?" என்றார். "என்னம்மா வேணும்?" என்று கன்னடத்தில் கேட்கிறார். எங்கள் பக்கம் கன்னடம் எல்லோருக்கும் புரியும். ஆனால் பதில்தான் வரவில்லை. யோசித்துப் பாருங்கள் தோழிகளே, வீட்டில் எல்லோரிடமும் "என்ன வேணும், என்ன வேணும்" என்று கேட்பது நாம்தானே? நம்மிடம் யார் கேட்டார்கள்! பக்கத்து மேஜையில் ஒரு அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, "டோஸ்ட்டு" என்று சொல்லிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவே இல்லை. காய்ந்த ரொட்டி. பையன் தோசையைப் பார்த்து எச்சில் ஊறியது. ஆனாலும் ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன். நான் கேட்டு வந்த சாப்பாடு ஆயிற்றே! அந்தப் பெரியவர் தட்டை எடுக்கும்போது தலையை ஆட்டிச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிற்பாடுதான் அந்தக் காபிக்கடைகளின் கதை எனக்குத் தெரிந்தது. வெள்ளைக்காரர் காலத்தில், 1936-ல் பம்பாயில் முதல் கடை திறந்தார்களாம். பிறகு ஊர் ஊராகப் பரவி, காபி போர்டு நடத்தியது. 1950-களின் நடுவில் போர்டு அவற்றை மூட ஆரம்பித்ததும் சர்வர்களும் சமையல்காரர்களும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன்தான், கூட்டுறவு சங்கம் வைத்து நீங்களே நடத்துங்கள் என்று தைரியம் சொன்னவர். அப்படிப்பட்ட முதல் சங்கம் 1957 ஆகஸ்டில் ஆரம்பித்தது பெங்களூரில்தான். அதாவது எனக்கு டோஸ்ட் கொண்டுவந்தவரும் அந்தக் கடையில் ஒரு பங்காளி! முதலாளிக்குப் பயந்து ஓடவேண்டியதில்லை என்பதால்தான் நின்று, பொறுமையாக, என்னையும் ஒரு மனுஷியாக மதித்துக் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகு பெங்களூர் போகும்போதெல்லாம் அங்கே போவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் மட்டும் மூச்சு விடுவதில்லை. மாமியார் கேட்டால், "பஸ் ஸ்டாண்டுல காபி குடிச்சோம்" என்று இவர் சமாளிப்பார். பொம்பளை ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது அத்தைக்கு ஆகாத காரியம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். வளர்ந்த பிறகு பெரியவன்தான் ஒரு நாள் உளறிக் கொட்டிவிட்டான்: "அவ்வா, அங்க தலப்பா கட்டினவரு அம்மாவுக்கு டோஸ்ட்டு குடுப்பாரு!"

நான் நடுங்கிப் போனேன். அத்தை ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, ராகி மாவு சலித்துக்கொண்டிருக்கும்போது தலையை நிமிர்த்தாமலே, "அந்த தலப்பா கட்டின கடைக்கு என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

"போலாம் அத்தை" என்றேன். சொன்னேனே தவிர, கூட்டிப் போகவில்லை. அறுவடை ஆகட்டும், பெரியவன் பரீட்சை முடியட்டும், சின்னவள் கல்யாணம் ஆகட்டும் என்று வருஷங்கள் ஓடின. அத்தையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அவருக்கு முட்டி வலி வந்துவிட்டது. 2009 ஏப்ரலில் எம்.ஜி. ரோடு காபி ஹவுசை மூடிவிட்டார்கள். கட்டடச் சொந்தக்காரரோடு நடந்த வழக்கில் இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்ததாம். ஏறக்குறைய ஐம்பது வருஷம் நடந்த கடை. செய்தியை அத்தையிடம் சொன்னபோது, "சரி விடு. இந்த முட்டியை வெச்சிக்கிட்டு பஸ்ஸு ஏற முடியுமா என்ன?" என்றார். திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

சென்னையில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இதே வருத்தம். "உட்லண்ட்ஸ் டிரைவ் இன்னுக்காவது அம்மாவைக் கூட்டிப் போயிருக்கலாம் அண்ணி" என்பாள். 1962-ல் ஆரம்பித்த அந்த ஓட்டல் 2008-ல் மூடி, அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிடலாமாம். முட்டி வலிக்கு அதைவிட வசதி உண்டா? ஆனால் அதுவும் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டதே!

காபி ஹவுஸ் அடியோடு போய்விடவில்லை, பக்கத்திலேயே சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. ஒருமுறை இவரோடு அங்கே போனேன். அதே வெள்ளை உடுப்பு, அதே தலைப்பாகை. வந்த பையனுக்கு என் மகன் வயசுகூட இருக்காது. காபி நன்றாகத்தான் இருந்தது. நான் டோஸ்ட் சொல்லவில்லை, தோசை சொன்னேன்.

அத்தை 2012-ல் காலமானார். கடைசி ஆறு மாசம் படுக்கைதான். தினமும் காலையில், "என்ன வேணும் அத்தை?" என்று கேட்பேன். "எது இருக்கோ அது" என்பதுதான் பதில். எத்தனை தடவை கேட்டாலும் அதுதான். ஒரு நாள் மட்டும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டோஸ்ட்டு" என்றார்.

பேக்கரிக்கு ஓடிப்போய் ரொட்டி வாங்கிவந்து, தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டி, விளிம்பையெல்லாம் வெட்டிவிட்டு, தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் கடித்து, ரொம்ப நேரம் மென்றார்.

"இதுக்காடி அவ்வளவு தூரம் போயிட்டு வந்தீங்க?" என்றார்.

– ஒரு வாசகி,
அஞ்செட்டி.