தகர வேலிக்குள் என்ன வரப்போகிறது?

தெருமுனைக் காலிமனையைச் சுற்றி நீலத் தகரம் அடித்துவிட்டார்கள். பல் ஆஸ்பத்திரி என்கிறார் டீக்கடைக்காரர். கல்யாண மண்டபம் என்கிறார் அயர்ன் வண்டிக்காரர். வாட்ஸ்அப் குழுவிலோ டாஸ்மாக் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். சென்னையில் இருப்பவர்கள் இப்படி ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கடை திறப்பதற்கு வெகு நாள் முன்பே அதன் காகிதங்கள் அலுவலகம் அலுவலகமாகப் போய் வந்துவிடும். அவற்றில் பலவற்றை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

முதலில் தகரத்தில் பலகை மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அனுமதி எண், தேதி, உரிமையாளர் பெயர், தளங்களின் எண்ணிக்கை, பயன்பாடு ஆகியவை அதில் இருக்கும். ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மழை வந்தால் எழுத்து போய்விடும். 'வணிகக் கட்டடம்' என்பதிலிருந்து என்ன கடை என்று தெரியாது. ஆனால் குடியிருப்பு இல்லை என்பது உறுதியாகிவிடும்.

அடுத்து சர்வே எண். இது கையில் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது. பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தில் எல்லை விவரம் எழுதியிருக்கும் பகுதியிலேயே பல சமயம் கிடைத்துவிடும். இல்லையென்றால் தமிழ்நாடு அரசின் டிஎன்ஜிஐஎஸ் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். மாநகரப் பகுதியில் பிளாக் எண்ணும் சேர்ந்தே வரும், அதை விட்டுவிடாதீர்கள்.

எண் கிடைத்ததும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) இணையதளத்தில் நிலப் பயன்பாட்டைப் பார்க்கலாம். 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம், ஒவ்வொரு மனையையும் முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வகை பிரித்திருக்கிறது. முதன்மைக் குடியிருப்பில் சின்னக் கடைக்கு இடமுண்டு, பெரிய வணிக வளாகத்துக்கு வகைமாற்றம் வேண்டும். அப்படி மாற்றக் கேட்டால் ஆட்சேபம் கேட்டுப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்பைத்தான் யாரும் படிப்பதில்லை.

எனக்குப் பிடித்த வழி வில்லங்கச் சான்று. வீடு வாங்கும்போது மட்டும் தேடுகிற காகிதம் என்று நினைக்கிறோம். ஆனால் பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வங்கியோ துணிக்கடைச் சங்கிலியோ பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போடாது. எனவே 'தன்மை' என்ற இடத்தில் குத்தகை என்றிருந்தால் நேராக 'எழுதி வாங்கியவர்' பெயருக்குப் போங்கள். அங்கே ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது என்ன வியாபாரம் செய்கிறது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. தனிநபர் பெயர் இருந்தால் மட்டும் வேறு வழி தேட வேண்டும். அப்போது டீக்கடைதான் கதி. வாட்ச்மேனும் கொத்தனாரும் அங்கேதான் வருகிறார்கள்.

சில தொழில்களுக்குத் தனித் தடம் உண்டு. பெட்ரோல் பங்க் என்றால் எண்ணெய் நிறுவனங்கள் டீலர் தேர்வுக்கான விளம்பரத்தில் இடத்தைக் குறிப்பிட்டுவிடும், தடையின்மைச் சான்றும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கடைகளைக் கட்டி விற்பதானால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படியான ரெரா பதிவு இருக்கும். 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பம் மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் ஏறும். மால் வருகிறதென்றால் முதலில் அங்கே தேடுங்கள்.

இத்தனைக்கும் பிடிபடாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். 'என்ன கடை வருகிறது?' என்று கேட்டால் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இன்ன சர்வே எண்ணுக்குத் திட்ட அனுமதி விண்ணப்பம் வந்துள்ளதா, வந்திருந்தால் அதன் எண், தேதி, கோரிய பயன்பாடு, அனுமதித்த வரைபடத்தின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னக் கட்டடங்களுக்கு மாநகராட்சியே அனுமதி தருவதால் அங்கே ஒன்று, சிஎம்டிஏவுக்கு ஒன்று என்று இரண்டாக அனுப்புவது நல்லது.

வருவது டாஸ்மாக்தான் என்று தெரிந்தால் உடனே டேப்பை எடுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில், பள்ளி போன்றவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது என்பது 2003ஆம் ஆண்டு விதி. கையெழுத்து வேட்டையை விட, அளந்து போட்ட வரைபடத்தோடு கலெக்டருக்குப் போகிற மனு வலுவானது. அதுவும் கடைக்கு ஷட்டர் மாட்டுவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.