சிடி சரி, செட்டப்தான் சிக்கல்

1990களின் கடைசியில் வாங்கிய விளையாட்டு சிடி பல வீட்டு அலமாரிகளில் இன்னும் கிடக்கிறது. விண்டோஸ் 11 கணினியில் போட்டு செட்டப்பைத் தட்டினால், 'இது உங்கள் கணினியில் இயங்காது' என்று ஒரு வரியில் பதில் வரும். சிடியை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை.

அந்தக் காலத்து நிரல்கள் பலவும் 32 பிட். விண்டோஸ் 11 அவற்றை இன்றும் இயக்கும். மக்கர் செய்வது அவற்றை நிறுவித்தரும் செட்டப் நிரல். அது பெரும்பாலும் 16 பிட். விண்டோஸ் 3.1 வைத்திருப்பவர் சிடியைப் போட்டாலும், 'இதற்கு விண்டோஸ் 95 வேண்டும்' என்றாவது சொல்ல வேண்டுமே! அதற்காகவே செட்டப்பை மட்டும் பழைய பாணியில் எழுதினார்கள். அன்றைய முன்யோசனை இன்றைய முட்டுக்கட்டை.

விண்டோஸ் 11 போன்ற 64 பிட் விண்டோஸில் 16 பிட்டுக்கு இடமே இல்லை. திறந்த ஒவ்வொரு ஜன்னலுக்கும் கோப்புக்கும் விண்டோஸ் ஓர் அடையாள எண் தரும். அந்த எண் இப்போது 32 பிட் நீளம். 16 பிட் நிரலின் கைக்கு அடங்காது. பழைய 'இன்ஸ்டால்ஷீல்டு' செட்டப் சிலவற்றை மட்டும் விண்டோஸே அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32 பிட் மாற்றைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடும். மற்றவற்றுக்கு 'வைன்விடிஎம்' என்ற இலவச நிரலை முயன்று பார்க்கலாம். டாஸ் விளையாட்டு என்றால் 'டாஸ்பாக்ஸ்'. எதற்கும் மசியாதவற்றுக்கு, 'வர்ச்சுவல்பாக்ஸ்' உள்ளே பழைய விண்டோஸையே நிறுவிக்கொள்ளலாம். அதற்கு இணைய இணைப்பு மட்டும் கொடுக்காதீர்கள்.

சில செட்டப்கள் விண்டோஸின் பதிப்பு எண்ணைப் பார்த்தே முரண்டு பிடிக்கும். ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' போய் எக்ஸ்பி என்று தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் தன் வயதைக் குறைத்துச் சொல்லும். இந்த எண் பயம் மைக்ரோசாஃப்ட்டுக்கும் உண்டு: பழைய நிரல்கள் குழம்பக் கூடாதென்று விண்டோஸ் 7க்கு உள்ளே வைத்த எண் 6.1.

கைவிரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. திருட்டு நகலைத் தடுக்க வந்த 'சேஃப்டிஸ்க்' பூட்டின் டிரைவரை, பாதுகாப்பு ஓட்டை என்று 2015இல் விண்டோஸ் 10இலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்தப் பூட்டுள்ள விளையாட்டை நிறுவினாலும், காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியே ஓடாது. நியாயமாக வாங்கியவருக்கு வந்த தண்டனை இது. 'ஜிஓஜி' போன்ற தளங்களில் பூட்டு நீக்கிய மறுவெளியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

முயல்வதற்கு முன், சிடி உறையில் அச்சிட்ட சீரியல் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உறையோடு அது தொலைந்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் சிடியும் பயன்படாது.