உங்களுக்குத் தெரியுமா? விமானம் 'ஸ்டால்' ஆவது எஞ்சின் நிற்பதால் அல்ல!

● எதிர்வரும் காற்றுக்கு இறக்கை அளவுக்கு மீறி நிமிர்ந்தால், அதன் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதுவே ஸ்டால். சிறு விமானங்கள் பலவற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 15 பாகை.

● வேகம் இருந்தாலும் ஸ்டால் வரும். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கைகள் இரு மடங்கு பாரம் சுமக்கின்றன. நேராகப் பறக்கையில் 50 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், அப்போது 71 நாட்டிலேயே ஆகிவிடும்.

● தரையிறங்குமுன் வரும் கடைசித் திருப்பத்தில் கவனம் மிக அவசியம். அங்கே மீண்டெழ உயரம் இருக்காது. ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் இறுக்கித் திருப்பக் கூடாது. மேலேறி, இன்னொரு சுற்று வருவதே பாதுகாப்பு.

● ஸ்டால் ஆகிவிட்டால் முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. பிறகே இறக்கைகளைச் சமன் செய்து, எஞ்சின் விசையைச் சீராக்க வேண்டும்.

● 2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்கள் பனிப்படிகங்களால் அடைபட்டன. குழப்பத்தில் மூக்கு உயர்த்தப்பட்டு, ஸ்டால் ஆன விமானம் அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 உயிர்கள் போயின. அதன்பின் உலகெங்கும் விமானிகளுக்கான ஸ்டால் பயிற்சி வலுப்படுத்தப்பட்டது.