கடலுக்குப் போகாத கொடுவா

குயின்ஸ்லாந்தில் செப்டம்பர் பள்ளி விடுமுறை விட்டதும் புரூஸ் நெடுஞ்சாலையில் வடக்கே போகும் வண்டிகளைப் பார்த்தாலே யார் எங்கே கிளம்பியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். கூரையில் அலைச்சறுக்குப் பலகை கட்டியிருந்தால் கடற்கரைக் கூட்டம். பின்னால் சின்ன அலுமினியப் படகு ஆடி ஆடி வர, படகுக்குள் கூடாரம், ஐஸ் பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் அடைத்திருந்தால் அணைக்கட்டுக் கூட்டம். பிரிஸ்பேனில் இருக்கும் என் அக்கா வீடு இரண்டாவது ரகம். அத்தானுக்குக் கடற்கரை என்றாலே கொட்டாவி வரும்.

‘குடும்பத்தோடு மீன்பிடிச் சுற்றுலா, படங்கள் நிறைய வேண்டும்’ என்றுதான் பத்திரிகை ஆசிரியர் கேட்டார். படங்களுக்குப் பஞ்சமே இல்லை. பிரிஸ்பேனிலிருந்து கெய்ர்ன்ஸ் வரை ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சாலையில் ஆங்காங்கே இடப்பக்கம் பிரிந்தால் ஓர் அணை வரும். ஜின் ஜின் ஊருக்குப் பக்கத்தில் மண்டூரன், கிளாட்ஸ்டனுக்குத் தெற்கே அவூங்கா, மெக்கே வட்டாரத்தில் கின்சன்ட், டீம்பரா, ப்ராசர்பைனுக்கு மேற்கே பீட்டர் ஃபாஸ்ட், கெய்ர்ன்ஸுக்கு மேலே மலைமேட்டில் டினாரூ. எல்லாவற்றிலும் தேடிப் போவது பாராமுண்டியைத்தான், சுருக்கமாக ‘பாரா’. பழவேற்காட்டில் கொடுவா என்று விற்கும் அதே சாதி மீன். அளவுதான் மலைக்க வைக்கிறது. 2010-ல் மண்டூரனில் தூண்டிலில் விழுந்த ஒரு மீன் 44.64 கிலோ. உலகச் சாதனை.

கடலும் ஆறும் பக்கத்திலேயே இருக்க அணைக்கு ஏன் போக வேண்டும்? பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால் முதலில் முதலையைத்தான் சொல்வார்கள். வடக்கே போகப் போக ஆறுகளிலும் கழிமுகங்களிலும் உப்புநீர் முதலை உண்டு. அங்கே சேற்றுக்கரையில் ஆறு வயதுக் குழந்தையை நிறுத்தித் தூண்டில் போட யாருக்கு மனசு வரும்? அணையிலும் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டுத்தான் கால் நனைக்க வேண்டும். ஆனாலும் பயம் குறைவு. ஓதம் பார்த்து எழ வேண்டியதில்லை. வெந்நீர்க் குளியலறையோடு முகாம் மைதானம் இருக்கும். பெரியவர்கள் பாராவுக்குக் காத்திருக்கும் நேரத்தில், நாய் பிஸ்கட்டும் முலாம்பழத் துண்டும் வைத்துக் கூண்டு இறக்கினால் ரெட்கிளா என்ற நன்னீர்ச் சிங்கிறால் ஏறும். பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. ராத்திரி அதை அவித்து வெண்ணெயில் புரட்டித் தின்றபோது, பாரா கிடைக்காவிட்டால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. அத்தானிடம் சொல்லவில்லை.

பாரா பிடிப்பதில் காற்றுதான் குரு. எந்தக் கரையில் காற்று போய் மோதுகிறதோ அந்தக் கரைக்குப் படகை விடு என்பது பழையவர்களின் வாய்ப்பாடு. வெயிலில் சூடான மேல்தண்ணீரைக் காற்று அங்கே தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பொடிமீன் அங்கே ஒதுங்கும், பின்னாலேயே பாரா வரும். அணை கட்டியபோது மூழ்கிச் செத்த மரங்கள் இன்னும் நட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த மரக்காட்டுக்கும் பாசிப் படுகைக்கும் நடுவே, வாலாட்டும் ரப்பர் மீனை எறிந்து மெதுவாகச் சுருட்ட வேண்டும். நரம்பின் முனையில் தடித்த துண்டு ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக் கட்டுவார்கள். பாராவின் செவுள் மூடி விளிம்பு கத்தி மாதிரி, ஒரு தலையாட்டலில் மெல்லிய நரம்பை அறுத்துவிடும். பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று ‘பூஃப்’ என்று வாய் திறந்து இரையை உறிஞ்சும் சத்தம். அடுத்த நொடி ஒரு மீட்டர் வெள்ளி முழுசாகத் தண்ணீருக்கு வெளியே நிற்கும். இருட்டில் விளக்கடித்தால் கண் இரண்டும் சிவந்து எரியும். பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத காட்சி.

அப்படி ஒரு மீனைத்தான் அத்தான் படகோரத்துக்குக் கொண்டு வந்தார். ஈரப் பாயில் கிடத்தி அளந்துகொண்டிருந்தபோது என் மருமகள் கேட்டாள்: “மாமா, இதோட அம்மா எங்க இருக்கும்?”

“ஹேட்சரியில இருக்கும்டா” என்றார் அத்தான், அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்காமல். “இதுவே பொம்பளை மீன்தான். இவ்ளோ பெருசுன்னா பொம்பளையாத்தான் இருக்கும்.”

“அப்ப இதோட குட்டி?”

அத்தான் என்னைப் பார்த்தார். “மாப்ளே, நீதான் பத்திரிகைக்காரன், சொல்லு.” சொல்லிவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டார். சுற்றுலாக் கட்டுரை அதோடு என் கையை விட்டுப் போய்விட்டது.

இந்த மீனுக்குக் குட்டி கிடையாது, இருக்கவும் முடியாது. பாராமுண்டி நன்னீரில் வளரும், ஆனால் உப்புத் தண்ணீரில்தான் முட்டை போடும். கழிமுகத்தில் பிறந்த குஞ்சு சதுப்புகளிலும் ஆற்றிலும் ஏறி வளர்ந்து, இனப்பெருக்கத்துக்கு மறுபடி கடல்முகம் இறங்க வேண்டும். பிறக்கும்போது பெரும்பாலும் எல்லாம் ஆண். சில வருடங்கள் ஆணாக இருந்துவிட்டு, உடம்பு பெருத்தபின் பெண்ணாக மாறும். ஒரு பெரிய பெண் மீன் ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டை தள்ளும். அணைக்குள் இதில் பாதிதான் நடக்கும். அணையில் இருப்பது, பொரிப்பகத்தில் உப்புத் தண்ணீர்த் தொட்டியில், ஊசி போட்டுச் சினைப்படுத்திய தாய்மீன்களின் குஞ்சு. பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்பதால் அளவுவாரியாகப் பிரித்துப் பிரித்து வளர்த்து, விரல் நீளம் வந்ததும் லாரியில் கொண்டுவந்து அணையில் கொட்டுகிறார்கள். தீனி நன்றாக இருந்தால் நான்கைந்து வருடத்தில் ஒரு மீட்டரைத் தொடும். ஆண் பெண்ணாகிறது. பிறகு ஒன்றுமில்லை. படங்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஏந்தி நிற்கும் அந்தப் பிரம்மாண்டங்கள் எல்லாம், முட்டையிட வழியில்லாமல் பெருத்த பெண் மீன்கள்.

சட்டமே இதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. கிழக்குக் கரையில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாராவையும் 120-க்கு மிஞ்சியதையும் எடுத்துப் போகக் கூடாது. பெரியதை விடச் சொல்வது அது தாய்மீன் என்பதற்காக. குஞ்சு விட்ட அணைகளில் மட்டும் 120-க்கு மேல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை ஆற்றிலும் கடலிலும் பாரா பிடிக்கத் தடை, ஏனென்றால் அது முட்டையிடும் பருவம். அந்த அணைகளுக்குத் தடை கிடையாது. காப்பாற்ற அங்கே வம்சம் எதுவும் இல்லை என்று சட்டப் புத்தகமே சொல்கிற மாதிரித்தான் இது. விடுமுறைக் குடும்பங்களுக்கு இது வசதி. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடலோரத்தில் சும்மா உட்கார வேண்டாம், அணைக்குப் போகலாம்.

டினாரூ இன்னும் விசித்திரம். 1958-ல் புகையிலை வயல்களுக்குத் தண்ணீர் விட பேரன் ஆற்றில் கட்டி முடித்த அணை அது. கடல் மட்டத்துக்கு அறுநூறு மீட்டருக்கும் மேலே, பேரன் அருவிக்கும் மேலே இருக்கிறது. அந்த அருவியை எந்தப் பாராவும் என்றைக்கும் ஏறியதில்லை. 1980-களில் மனிதர்கள் கொண்டுபோய் விட்டபிறகுதான் அந்த மலைமேட்டில் அந்த மீன். இன்றைக்கு பாராவுக்கென்றே அங்கே ஆண்டுதோறும் போட்டித் திருவிழா நடக்கிறது. குளிர்காலத்தில் மேட்டுத் தண்ணீர் சில்லிட்டு, வெப்ப மண்டல மீன் வாயைக் கட்டிக்கொண்டு அடியில் கிடக்கும்.

குளிராவது பருவத்தோடு போய்விடும். எனக்குத் தூக்கம் கெடுவது மழையை நினைத்துத்தான். வெள்ளத் தண்ணீர் வந்து அணை நிறைந்தால், கீழே போ, கடலுக்குப் போ என்று அந்த மீனின் உடம்பு சொல்லும். பொரிப்பகத்தில் பிறந்தாலும் அது மறக்கவில்லை. 2010 டிசம்பரில் கிளாட்ஸ்டன் பக்கம் விடாத மழை. அவூங்காவின் சுவரை 2002-ல் உயர்த்தியிருந்தார்கள். அது நிறைந்து கலுங்கு பாய்ந்தது. பெரிய பாராக்கள் ஏறக்குறைய 30,000 தண்ணீரோடு சுவரைத் தாண்டிப் போயின என்று அப்போது மதிப்பிட்டார்கள். தாண்டிப் போயின என்று எழுதுவது சுலபம். உண்மையில் விழுந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து காங்கிரீட்டிலும் பாறையிலும் மோதிச் செதில் பெயர்ந்து, தாடை உடைந்து பல செத்தன. பிழைத்தவை பாய்ன் ஆற்றில் இறங்கிக் கடைசியில் துறைமுகத்து உப்புத் தண்ணீரை எட்டின. அடுத்த வருடம் அந்த வட்டாரத்தில் வணிக மீனவர் வலையில் விழுந்த பாரா பல மடங்கு கூடியது. அதே 2011-ல் துறைமுகத்து மீன்களின் உடம்பில் புண்ணும் கண்ணில் வெண்படலமும் காணப்பட்டு, கொஞ்ச நாள் மீன்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்கள். காரணம் எது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி, அதற்குள் நான் போகவில்லை. 2013 ஜனவரி வெள்ளத்தில் மறுபடியும் கலுங்கு பாய்ந்தது. மண்டூரனும் அந்த வெள்ளங்களில் மீனை இழந்து சில வருடம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு புதுக் குஞ்சு விட்டுத்தான் உயிர் வந்தது.

உண்டியலில் போட்டு எடுப்பது போன்ற இந்த ஏற்பாட்டில், உண்டியல் உடைந்து சில்லறை சிதறும் வருடங்கள் இவை. ஆனால் சில்லறைக்கு வலிக்காது. அடுத்த பெருமழை எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாத நாட்டில், ஒவ்வொரு பருவமும் மேலும் குஞ்சுகளைக் கொட்டிக்கொண்டே இருக்கிறோம்.

குஞ்சு விடும் சங்கத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாங்கள் விடாவிட்டால் அணையில் மீனே இல்லை, சாலையோரத்துச் சின்ன ஊர்களுக்குப் பிழைப்பும் இல்லை, அத்தனை தூண்டிலும் ஆற்று மீன் மேல்தான் விழும் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

தின்பதற்காகத்தான் என்றாலும் ஒரு மாதிரி சமாதானம் ஆகலாம். அணைப் பாராவில் மண் வாடை அடிக்கும். தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியிலிருந்து ஏறும் வாடை அது, மீன் கிழடாக ஆக இன்னும் மோசம் என்கிறார்கள். ஆகவே பெரும்பாலானோர் படம் எடுத்துவிட்டுத் திருப்பி விடுகிறார்கள். இப்போது தண்ணீருக்கடியில் மீன் நகர்வதை நேரலையாகக் காட்டும் திரைகள் படகுதோறும் வந்துவிட்டன. எங்கள் பக்கத்துப் படகில் இரண்டு பையன்கள் ஏரியையே பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

நம் பக்கமும் இது தூரத்துக் கதை இல்லை. சென்னையில் ஒரு ஆய்வு நிலையம் 1997-லேயே கொடுவாக் குஞ்சைப் பொரிப்பகத்தில் எடுத்துக் காட்டிவிட்டது. பண்ணைக் குட்டைகளில் இப்போது வளர்கிறது. அது சந்தைக்கு வளர்க்கும் மீன், அதில் ஒளிவு மறைவு இல்லை. இதுதான் இயற்கை என்று பிள்ளைக்குக் காட்ட யாரும் அதை அங்கே வைத்திருக்கவில்லை.

போகிறவர்களைத் தடுக்கவில்லை. ஜூன், ஜூலை விடுமுறையில் வேண்டாம், குளிரில் மீன் கடிக்காது. செப்டம்பர் கடைசிக்குப் பிறகு தண்ணீர் சூடேறும். குஞ்சு விட்ட அணைகளில் 60-க்கும் மேற்பட்டவற்றுக்கு, 18 வயது ஆனவர்கள் பர்மிட் வாங்க வேண்டும். 2000-லிருந்து இருக்கும் ஏற்பாடு, அந்தப் பணம்தான் அடுத்த குஞ்சுக்குப் போகிறது. படத்துக்காகப் பெரிய மீனைத் தாடையில் பிடித்துத் தொங்கவிட வேண்டாம். ஒரு கை வயிற்றுக்கடியில் கொடுத்துக் கிடையாகத் தூக்குங்கள்.

ராக்ஹாம்ப்டனைத் தாண்டும்போது மட்டும் வண்டியை ஒரு நாள் நிறுத்துங்கள். ஊருக்கு நடுவே ஃபிட்ஸ்ராய் ஆறு ஓடுகிறது. 2015 நவம்பரிலிருந்து அந்தப் பகுதியில் வணிக வலைக்குத் தடை. அங்கே விழும் பாரா அணை மீனைவிடச் சின்னதாக இருக்கலாம், ஒன்றுமே விழாமலும் போகலாம். ஆனால் அது கடலுக்கு வழி உள்ள மீன், ‘இதோட குட்டி எங்கே’ என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. முதலை உண்டு, பிள்ளைகளைத் தண்ணீரோரத்திலிருந்து நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். நவம்பர் 1 நண்பகலுக்கு முன்னால் போய்ச் சேருங்கள், அதற்குப் பிறகு பிப்ரவரி வரை அந்த மீனுக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது.