தியெப் கரையில் இரு வாரங்கள்

உணவகங்களில் ஆண்டெல்லாம் நின்றே உழைக்கும் நம்மவர் ஓய்வைக் குற்றமெனக் கருதுகின்றனர். பாரிஸிலிருந்து ரூவான் வழியாகத் தியெப் சென்று அன்று மாலையே திரும்புவது ஓய்வன்று, அலைச்சல். சித்திரை மாதப் பாடசாலை விடுமுறையில் இரு குடும்பங்கள் சேர்ந்து, சமையலறையுள்ள வீடொன்றை வாடகைக்கு எடுப்பதே நன்றென்போம். சனிக்கிழமைச் சந்தையில் மீன் வாங்கலாம். கரையோ மணலன்று, கூழாங்கல். சுண்ணக்கல் முகடுகள் இடிந்து விழுவதுண்டு; அவற்றின் அடியில் பாய் விரிக்கலாகாது.

1942 ஆகஸ்ட் 19 அன்று இக்கரையில் நிகழ்ந்த தாக்குதலில் 900க்கும் மேற்பட்ட கனடியப் படையினர் மாண்டனர். கனடாவில் உறவுள்ள நாம் அவர்தம் மயானத்துக்கும் ஒரு மாலை சென்று வரலாம்.

தஞ்சம் கோரிக் காத்திருப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பதிவுத் தபால் தபாலகத்தில் 15 நாள்களே வைத்திருக்கப்படும். பின்னர் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். மேன்முறையீட்டுத் தவணை நமது விடுமுறைக்காகக் காத்திராது. எனவே நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்துச் செல்க. முடிவுகள் இன்று இணைய வழியாகவும் வருகின்றன, கடவுச்சொல்லையும் மறவாதீர். அரச தங்குமிடங்களில் உள்ளோர் முன்கூட்டியே அனுமதி பெறுதல் நலம்.

துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் நியூஹேவனுக்குக் கப்பல் புறப்படும். விசா இல்லாத நமக்கு அதனைக் கரையில் நின்று பார்க்கலாம்; அதற்குக் கட்டணமில்லை.