கூடையைத் தேடாதீர்கள், சரிவைப் பாருங்கள்

மலேசியாவின் கேமரன் மலை என்றதும் நாட்காட்டிப் படம் ஒன்று கண்முன் வந்து நிற்கும்: முதுகில் கூடை, தலையில் முக்காடு, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். பள்ளிச் செயல்திட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவரும் பெரும்பாலும் அந்தப் படத்திடம்தான் போகிறார். ‘முதுகு வலிக்காத நவீனக் கூடை’ என்று எழுதிவைத்து, மறுநாளே அட்டையும் பசையும் வாங்கிவிடுகிறார்.

சரிவில் ஏறிப் பார்த்தால் கதை வேறு. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் இன்று கொழுந்தின் பெரும்பகுதியைக் கத்தரியும் இயந்திரமுமே வெட்டுகின்றன. அவற்றைப் பிடித்திருப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு அந்தக் கூடையால் என்ன பயன்?

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் வாழ்வியல் திறன் பாடத்தின் இடத்துக்கு 2017 முதல் ‘ரேகா பெந்தோக் டான் டெக்னோலோகி’ வந்தது. தமிழில் இது ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’. நான்காம், ஐந்தாம் படிவங்களில் ‘ரேகா சிப்தா’ எடுப்பவர்களுக்கு, எல்லோரும் ‘கெர்ஜா குர்சுஸ்’ என்றே சொல்லும் செய்பணியும் உண்டு. பொருளைச் செய்து காட்டினால் மட்டும் போதாது. அது ஏன் அப்படி ஆனது என்பதை ஏட்டில் நிறுவ வேண்டும். அந்த ‘ஏன்’ முதல் வாரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு கத்தரியைப் படியுங்கள்

தேயிலை வெட்டும் கத்தரி பார்வைக்கு எளிமையானது. வேலி வெட்டும் கத்தரி போலவே நீண்ட இரண்டு அலகுகள். ஒரு அலகின் மேல் ஒரு பெட்டி பொருத்தியிருக்கும். வெட்டிய இலை தரையில் சிந்தாமல் அதற்குள் விழும். பெட்டி நிறைந்ததும் இலை முதுகுப் பக்கமிருக்கும் பைக்குப் போகும். விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளுவதைவிடப் பலமடங்கு வேகம்.

ஆனால் விரலுக்குத் தெரிந்தது கத்தரிக்குத் தெரியாது. முற்றிய இலையையும் இளங்கொழுந்தையும் அது பிரித்தறியாது, எதிர்ப்பட்டதையெல்லாம் வெட்டும். அதனால் செடியின் மேல்பரப்பை மேசை போலச் சமமாகப் பேண வேண்டியதாயிற்று. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து நடக்கும் இயந்திரம் இன்னும் வேகமானது. ஆனால் செங்குத்தான சரிவில் இரண்டு பேரும் ஒரே சீராகக் கால் வைப்பது கடினம். அங்கே மீண்டும் கத்தரிதான். ஒரு கருவி ஒரு சிக்கலைத் தீர்க்கும்போதே அடுத்த சிக்கலைக் காட்டிக்கொடுக்கிறது. மாணவரின் திட்டம் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

தேயிலையின் சரித்திரத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. தக்கபயாஷி கென்சோ என்ற ஜப்பானிய மருத்துவர், தேயிலையைக் கையால் உருட்டிப் பதப்படுத்துவதில் கரையும் உழைப்பைக் கவனித்தார். 1885இல் ஜப்பான் காப்புரிமை வழங்கத் தொடங்கியபோது 2, 3, 4 ஆகிய மூன்று எண்களும் அவருடைய தேயிலை இயந்திரங்களுக்கே கிடைத்தன. மருத்துவரை இயந்திரம் செய்யவைத்தது அந்தக் கைகளின் பாடுதான்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

முதலில் அனுமதி. தோட்டம் தனியார் நிலம். பள்ளிக் கடிதத்துடன் நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம். கத்தரியைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். மருந்து தெளித்த நிரைகளுக்குள் போகவே கூடாது.

அடுத்து, வாயை மூடிக் கவனிப்பது. ‘உங்களுக்கு என்ன சிரமம்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில்தான் வரும். பழகிய வலி யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. பெட்டியை எத்தனை வெட்டுக்கு ஒருமுறை கொட்டுகிறார்? அப்போது எந்தப் பக்கம் திரும்புகிறார்? எந்த இடத்தில் கால் வழுக்குகிறது? இவற்றைக் கடிகாரத்தோடும் நோட்டுப் புத்தகத்தோடும் குறித்துக்கொண்ட பிறகு, மலாயில் கேளுங்கள்: ‘அண்ணே, இந்த இடத்தில் ஏன் நின்றீர்கள்?’ இப்போது வரும் பதில் வேறாக இருக்கும்.

பிறகு சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘தொழிலாளர் சிரமத்தைக் குறைக்கும் கருவி’ என்பது சிக்கல் அல்ல, நல்லெண்ணம். ‘மழைநாளில் சரிவில் நிற்பவர், பெட்டியிலுள்ள இலையைப் பைக்கு மாற்றும்போது ஒரு கையை விட வேண்டியிருக்கிறது, அப்போது நிலை தடுமாறுகிறார்’ என்பது சிக்கல். யார், எப்போது, எங்கே, என்ன நடக்கிறது என்ற நான்கும் அதில் இருக்கின்றன.

அளவுகோல் தொழிற்சாலையில் இருக்கிறது

பையை மாற்றியமைக்கப் போகிறவர் தொழிற்சாலைக்கும் ஒரு நடை போக வேண்டும். பறித்த இலை உயிருள்ள பொருள். காற்றுப் புகாத பையில் அழுத்தி அடைத்தால் உள்ளே சூடேறி, வாட்டுவதற்கு முன்பே சிவக்கத் தொடங்கிவிடும். தேயிலையின் தரம் அங்கேயே போய்விடும். ஆகவே ‘உறுதியான, நீர்புகாத பை’ என்ற அழகான யோசனை இங்கே தோற்கும். காற்றோட்டம், ஈர இலையின் கூடுதல் எடை, ஒற்றைக் கையால் திறக்கும் வாய், கழுவி உலர்த்தும் வசதி என்று ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கக்கூடிய நிபந்தனையாக எழுதுங்கள். எடையைக் கிலோவிலும் நேரத்தை வினாடியிலும் செலவை ரிங்கிட்டிலும் குறியுங்கள்.

கால அட்டவணையிலும் மலையின் குணத்தைச் சேர்க்க வேண்டும். ஒரு நிரையை வெட்டி முடித்தால் மீண்டும் அங்கே வெட்டு விழ வாரக்கணக்கில் ஆகும். சோதனை நாளைத் தோட்டத்தின் சுற்றைக் கேட்டுத்தான் குறிக்க முடியும். குளிரும் ஈரமும் மிகுந்த ஊரில் பசையும் வண்ணமும் காயக் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதும் கணக்கில் வரட்டும்.

இவ்வளவும் முடிந்த பின்னரே பென்சிலை எடுத்து வரையலாம். ஒன்றல்ல, நான்கைந்து படங்கள். எழுதிவைத்த நிபந்தனைகளை வைத்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டால், தேர்ந்தெடுத்ததற்கான காரணம் தானாகவே ஏட்டில் ஏறிவிடும். பாதி வழியில் அந்த யோசனை தோற்றாலும் கவலையில்லை. சிக்கலும் அளவுகளும் கையில் இருப்பதால் அடுத்த படத்துக்குப் போகலாம். பொருளை மட்டும் முதலில் முடிவு செய்தவருக்கோ, அது உடைந்த நாளில் திரும்பிப் போக இடமிருக்காது.