நான்கு விரற்கடை நீளம்

காலையிற் சீப்பை எடுக்கும் நாம், கை உச்சந்தலையை எட்டுமா என ஒருபோதும் சிந்திப்பதில்லை. பிறவியிலேயே எலும்பு வளர்ச்சி குன்றிய சிலருக்கோ அது அன்றாடக் கவலை. அவர்களது உடலின் நடுப்பகுதி ஏறக்குறைய ஏனையோரைப் போன்றே வளர்கின்றது. தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட புய எலும்பு மிகவுங் குறுகிவிடுகின்றது. தலை வாரவும், சப்பாத்து அணியவும், மலசலகூடத்தில் தம்மைத் தாமே சுத்தஞ் செய்யவும் பிறர் உதவியை நாடவேண்டிய நிலை. பருவமடையும் பிள்ளைக்கு இதனினும் பெரிய வேதனை யாது?

இதற்கு வழி கண்டவர் 1921ஆம் ஆண்டு பிறந்த சோவியத் வைத்தியர் கவ்ரீல் இலிசாரவ். சைபீரியாவின் குர்கான் நகரிற் பணியாற்றிய இவர், 1950களின் ஆரம்பத்தில், உலோக வளையங்களும் மெல்லிய கம்பிகளும் திருகாணிகளுங் கொண்ட கருவியொன்றை ஆக்கினார். வெட்டிய எலும்பின் இரு முனைகளையும் மெல்ல மெல்ல விலக்கினால் இடைவெளியிலே புது எலும்பு வளரும்; தோலும் தசையும் நரம்பும் கூடவே நீளும். 1964ஆம் ஆண்டு உயரம் பாய்தலில் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்ற வலேரி புரூமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்திற் காலை நொறுக்கிக்கொண்டார். பல சத்திரசிகிச்சைகள் பயனற்றுப்போக, 1968இல் இலிசாரவிடம் சென்றே குணமடைந்தார். காலுக்குப் பயன்பட்ட அதே முறைதான் கைக்கும் பயன்படுகின்றது.

சத்திரசிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். பொறுமைக்குச் சோதனை அதன் பின்னரே. ஏறக்குறைய ஒரு வாரம் எலும்பை அசையாது விடுவர். பின்னர் நாளொன்றுக்கு 1 மில்லிமீற்றர். அதுவும் ஒரே முறையிலன்று, கால் மில்லிமீற்றராக நான்கு முறை. வீட்டிலே திருகாணியைத் திருப்புவது தாய் அல்லது தந்தை. பெற்றோரின் கை நடுங்க, பிள்ளையே ஸ்பானரை வாங்கித் திருப்பிக்கொள்வதும் உண்டு! அவசரப்பட்டால் எலும்பு கூடாது, நரம்பு இழுபடும். தாமதித்தால் இடைவெளி முன்கூட்டியே இறுகிவிடும். புய எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்பொன்று பாதிக்கப்பட்டால் மணிக்கட்டை நிமிர்த்த இயலாது. அவ்வறிகுறி தோன்றியவுடன் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

கம்பி நுழையும் துவாரங்களை ஒழுங்காகத் துப்புரவு செய்யாவிடிற் சீழ் பிடிக்கும். செய்தாலும் சில வேளை பிடிக்கும். சட்டையின் கையை வெட்டி நாடா வைத்துத் தைக்கவேண்டும். இரவிற் புரண்டு படுக்க இயலாது. எல்லாவற்றிலும் கடினமானது முழங்கைப் பயிற்சி. பிள்ளை அழுதாலும் அதனை விடலாகாது, விட்டால் மூட்டு இறுகிவிடும்.

8 சென்ரிமீற்றர், அதாவது நமது கணக்கில் நான்கு விரற்கடை நீள, 80 நாட்கள். புது எலும்பு இறுகுவதற்கு அதனினும் நீண்ட காலம் செல்லும். மொத்தம் எட்டு மாதமளவிற் கருவி கையிலேயே இருக்கும். கையாதலால் நடப்பதற்குத் தடையில்லை என்பது ஓர் ஆறுதல்.

குள்ளமான உடல் திருத்தப்படவேண்டிய பிழையன்று என்று கூறி, இதனை மறுப்போரும் உளர். அவர்கள் கூற்று எமக்கு நியாயமாகவே படுகின்றது. எட்டு மாத வேதனையைத் தாங்கப்போவது பிள்ளை; அதன் விருப்பத்தைக் கேளாது பெற்றோர் தீர்மானித்தல் தகாது.

கருவி கழன்ற பின்னும் புது எலும்பு முறியக்கூடும் என்பதாற் சில காலம் பாரந் தூக்கலாகாது. சீப்பை எடுக்கத் தடையில்லை.